அப்பனை முழுங்கினவன்: ஒரு மடைத் தகராறின் நிகழ்வு ஆய்வு

"அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சுலதான் சார் நான் நல்லாத் தூங்கினேன்."

சொந்தச் சித்தப்பாவின் காறை எலும்பை மண்வெட்டியால் அடித்து உடைத்தவர், உளச்சிகிச்சை செய்கிற என்னிடம் வந்த முதல் நாளே சொன்னது இது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதனால் ஆறு வாரம் வீணாகப் போனது. வன்முறையையும் குற்றத்தையும் பற்றி உளப்பகுப்பாய்வு, அதாவது நமக்கே தெரியாமல் மனதின் ஆழத்தில் ஓடுவதைப் பேச்சின் வழியாகத் தேடுகிற, ஃபிராய்டு தொடங்கிவைத்த முறை, நூறு வருஷமாகச் சொல்லிவருவதில் எது கை கொடுக்கிறது, எது கொடுக்கவில்லை என்பதை இந்த ஒரு ஆளை வைத்தே எழுதிப் பார்க்கிறேன். அவர் சம்மதம் வாங்கியிருக்கிறேன், எழுதியதை வாசித்தும் காட்டியிருக்கிறேன். யாரென்று தெரிந்துவிடாதபடி குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், அவர் பேசியதை மட்டும் மாற்றவில்லை.

நடந்தது

அப்போது அவருக்கு 31 வயது. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கடைமடைக் கிராமம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். தாத்தா சொத்தைப் பிரித்ததில் இவர் அப்பா பங்குக்கு ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். சித்தப்பாவுக்கும் அதே அளவு. இரண்டு பங்குக்கும் ஒரே வாய்க்கால்தான், மடை மட்டும் தனித்தனி. சித்தப்பா மடை மேலே, இவர் மடை கீழே. கடைமடையில் விவசாயம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

2023-ஆம் வருஷம். ஜூன் 12-ல் வழக்கப்படி மேட்டூர் திறந்தார்கள், அதை நம்பிக் குறுவை போட்டார்கள். ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை, அணை இறங்கிக்கொண்டே போய் அக்டோபர் 10-ல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், செப்டம்பரில், கதிர் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு இவர் முறை. போய்ப் பார்த்தால் வாய்க்காலின் குறுக்கே வைக்கோலும் மண்ணும் போட்டு அணைத்திருக்கிறது, தண்ணீர் முழுக்க மேல் வயலுக்குப் போகிறது. இவர் அதை வெட்டி விட்டார். சித்தப்பா வந்தார், பின்னாலேயே அக்கம்பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். பேச்சு முற்றியது. ஒரு கட்டத்தில் சித்தப்பா சொன்னார்: "அப்பனை முழுங்குன பயலுக்கு மடை ஒரு கேடாடா?"

ஒரே அடி. வெட்டுகிற பக்கம் இல்லை, மண்வெட்டியின் பின்பக்கம். அப்புறம் மண்வெட்டியை வாய்க்காலில் போட்டுவிட்டு, 108-க்குப் போன் பண்ணியது இவர்தான். வண்டி வரும்வரை துண்டைச் சுருட்டிச் சித்தப்பாவின் தலைக்கு வைத்துப் பிடித்துக்கொண்டிருந்ததும் இவர்தான். வண்டி போனதும் மூன்று கிலோமீட்டர் நடந்து ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தார்.

முதல் தகவல் அறிக்கையில் தண்ணீர்ப் பிரச்சினை, முன்விரோதம், ஆபாசமாகத் திட்டியது, மண்வெட்டியால் தாக்கியது என்று இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 326, 506(2). எலும்பு முறிந்தால் சட்டத்தின்படி கொடுங்காயம், அதை ஆபத்தான கருவியால் செய்ததால்தான் 326. "அப்பனை முழுங்குன" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், இவரே அதைச் சொல்லவில்லை. என்னிடமும் பதினோராவது சந்திப்பு வரை சொல்லவில்லை.

வக்கீல் கேட்ட சான்றிதழ்

கிளைச் சிறையில் இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார், தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவரை என்னிடம் அனுப்பியது அவருடைய வக்கீல்தான். மனநிலை சரியில்லாதபோது நடந்தது என்று ஏதாவது எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 22, கேட்பது வேறு. தான் செய்வது என்னவென்றோ அது தப்பு என்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருந்தாரா என்பதே கேள்வி. அடித்த கையோடு 108-ஐக் கூப்பிட்டவருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

எனக்கு இதில் ஒரு முன்னெச்சரிக்கை உண்டு, அது ஃபிராய்டே விட்டுப்போனது. 1928-ல் ஆஸ்திரிய மலைப்பகுதியில் அப்பாவோடு நடைப்பயணம் போன பிலிப் ஹால்ஸ்மான் என்ற மாணவர், அப்பாவைக் கொன்றார் என்று தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கில் இன்ஸ்ப்ரக் மருத்துவப் பேராசிரியர்கள் கொடுத்த கருத்து ஈடிபஸ் சிக்கலை, அதாவது அம்மாவைத் தனக்கே வேண்டும் என்றும் அப்பா சாக வேண்டும் என்றும் பிள்ளை மனதின் ஆழத்தில் இருக்கிற ஆசையை, இழுத்துவிட்டிருந்தது. 1931-ல் ஃபிராய்டு இதைப் பற்றி எழுதினார். ஈடிபஸ் சிக்கல் எல்லா மனிதரிடமும் இருப்பது, அப்படி எல்லாரிடமும் இருப்பதாலேயே ஒருவர் கொலை செய்தாரா இல்லையா என்பதை முடிவு செய்ய அது உதவாது என்பது அவர் வாதம். இந்தத் துறையை உண்டாக்கியவரே நீதிமன்ற வாசலில் நின்று, இதை உள்ளே எடுத்துப் போகாதீர்கள் என்று சொன்ன மாதிரி. ஆகவே இங்கே நான் எழுதுகிற எதுவும் அவர் செய்தது சரி என்று ஆகாது, செய்யவில்லை என்றும் ஆகாது. அடித்தார். ஏன் அந்தச் சொல்லுக்கு அந்தக் கை எழுந்தது என்பதைத்தான் பார்க்கிறேன்.

நான் தவறவிட்டது

முதல் ஆறு சந்திப்பும் கோபத்தைக் கட்டுப்படுத்துவதைப் பற்றியே போனது. மூச்சுப் பயிற்சி, கோபம் ஏறும்போது உடம்பில் என்ன தெரிகிறது என்று குறித்து வைப்பது, அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், சொன்னதையெல்லாம் செய்தார். ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் அவருக்குக் கோபம் வருகிற பழக்கமே இல்லை. ஊரில் விசாரித்தால் அந்தத் தம்பியா அடித்தது என்றுதான் கேட்டார்கள். குடி கிடையாது. தங்கை, அம்மா, இரண்டு மாடு, இவர்களிடம் உரக்கப் பேசியதுகூட இல்லை. கோபமே இல்லாதவருக்கு நான் கோபப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் வக்கீல் போன் பண்ணினார், இரண்டு நாளாகக் கையெழுத்துப் போடப் போகவில்லையாம். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன், இல்லை. வேலையா, இல்லை. ஸ்டேஷன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஜாமீன் ரத்தாகிவிடுமே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "உள்ள போனா தூக்கம் வரும்ல சார்."

அன்று இரவு பழைய நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தேன்.

குற்றத்துக்கு முன்பே இருக்கிற குற்றவுணர்வு

1916-ல் ஃபிராய்டு எழுதிய ஒரு கட்டுரையில், சிகிச்சையில் தான் சந்தித்த மூன்று வகைக் குணாம்சங்களை விவரிக்கிறார். மூன்றாவது வகை, சில பக்கங்களே வரும், குற்றவுணர்வினால் குற்றம் செய்பவர்கள். நாம் வழக்கமாக நினைப்பது, முதலில் தப்பு, அப்புறம் மனசு உறுத்தல். அவர் சிலரிடம் கண்டது தலைகீழ். உறுத்தல் முன்பே இருக்கிறது, எதற்கு என்று தெரியாமல் அழுத்துகிறது. தாங்க முடியாத கட்டத்தில் ஒரு தப்பைச் செய்கிறார்கள், செய்ததும் மனசு லேசாகிறது, ஏனென்றால் இப்போது உறுத்தலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, தண்டனைக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. குழந்தைகள் வேண்டுமென்றே சேட்டை பண்ணி அடி வாங்கிக்கொண்டு, வாங்கியதும் அமைதியாகிவிடுவதையும் அவரே உதாரணமாகச் சொல்கிறார். "உதை வாங்குனாத்தான் அடங்குவான்" என்று நம் வீட்டு அம்மாக்கள் சொல்கிறார்களே, அதை இந்தக் கோணத்தில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எல்லாக் குற்றவாளிக்கும் இது பொருந்தும் என்று ஃபிராய்டு சொல்லவில்லை, உறுத்தலே இல்லாமல் குற்றம் செய்பவர்கள் உண்டு என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, இதற்கு முன் எப்போது நன்றாகத் தூங்கினீர்கள் என்று மட்டும் அடுத்த சந்திப்பில் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு ஒன்றைச் சொன்னார். 2019-ல் சித்தப்பாவின் பம்புசெட்டிலிருந்து பியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு அது தேவையில்லை, விற்றால் காசும் தேறாது. கொண்டுவந்து தன் வீட்டுத் திண்ணையில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறார். மறுநாள் சித்தப்பா பார்த்தார், கன்னத்தில் ஒரு அறை விட்டார், கட்டையை எடுத்துக்கொண்டு போனார். "அன்னிக்கும் தூங்கினேன்."

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட், திருட்டு போன்ற சமூகவிரோதச் செயலை நம்பிக்கையின் அறிகுறியாகப் பார்த்தவர். திருடுகிற குழந்தை அந்தப் பொருளைத் தேடவில்லை, தனக்கு உரிமையுள்ள ஒருவரைத் தேடுகிறது என்பது அவர் 1956-ல் வைத்த கருத்து. பியூஸ் கட்டை யாருடையது என்று பாருங்கள். ஊரில் எத்தனையோ பம்புசெட் இருக்கிறது, எடுத்தது சித்தப்பாவினுடையதை. அப்பா போன பிறகு இவரை அடிக்கிற உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான்.

2016 மார்கழி

பதினோராவது சந்திப்பில் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த செப்டம்பரில் வயல் எப்படி இருந்தது என்று விவரித்துக்கொண்டே வந்தவர், "அந்த வருஷம் மாதிரியே வெடிச்சுக் கிடந்துச்சு" என்று நிறுத்தினார். எந்த வருஷம்?

2016. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, சம்பா கண்ணெதிரே கருகிப்போன வருஷம். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். டெல்டாவில் அந்த மாதங்களில் காய்ந்த வயலைப் பார்த்துவிட்டு வந்து மாரடைப்பில் போனவர்கள் என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். இவர் அப்பாவும் அப்படித்தான். மார்கழியில் ஒரு விடியற்காலையில் வயலுக்குப் போனவர் வரப்பிலேயே விழுந்து கிடந்தார்.

இதுவரை எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, முந்தின இரவு. டிப்ளமோ முடித்திருந்த இவருக்கு அப்போது 24 வயது, சிங்கப்பூர் போக ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டும், ஒரு மா நிலத்தை விற்றுக் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாக்குவாதம். "நீ செத்தாத்தான் எனக்கு விடிவு" என்று சொல்லியிருக்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தார். அடுத்து இவர் அப்பாவைப் பார்த்தது வரப்பில்.

"எனக்குக் கரிநாக்கு சார். வாய்ல வந்துச்சு, பலிச்சுருச்சு."

கொள்ளி வைத்தார், காரியம் பண்ணினார், அழவில்லை. அம்மாவே நிலத்தை விற்றுப் போ என்று சொல்லியும் சிங்கப்பூர் போகவில்லை, ஒரு குழி நிலத்தைக்கூட விற்க விடவில்லை, ஏழு வருஷமாக அதே மூன்று ஏக்கரில், அதே மண்வெட்டியோடு. ஆமாம், அடித்தது அப்பாவின் மண்வெட்டியால்தான். திதி மட்டும் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேராது என்றார்.

ஃபிராய்டு 1909-ல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற நோயாளர் வரலாற்றில் இதே மாதிரி ஒருவர் வருகிறார், தன் எண்ணமே ஆளைக் கொன்றுவிடும் என்று நடுங்கியவர். எண்ணத்தின் சர்வவல்லமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கரிநாக்கு என்கிற நம் ஊர்ச் சொல்லில் அந்தக் கோட்பாடு முழுதாக இருக்கிறது. ஆசைப்பட்டதற்கும் செய்ததற்கும் நடுவே உள்ள சுவர் இடிந்துபோன நிலை அது. சட்டத்தின் கண்ணில் அப்பா இறந்தது மாரடைப்பால். இவருடைய உள்நீதிமன்றத்தில் இவர் ஏழு வருஷமாகத் தண்டனை கிடைக்காத கொலையாளி. குற்றம் செய்பவர்களுக்கு மனசாட்சி குறைவு என்ற பொது நம்பிக்கையை மறுத்து, பிரச்சினை மனசாட்சி இல்லாததில் இல்லை, அது அளவுக்கு மீறிக் கொடூரமாக இருப்பதில் இருக்கிறது என்று உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் 1934-ல் எழுதினார். இவரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வாக்கியத்தை நான் ஒரு கருத்தாகத்தான் படித்திருந்தேன்.

சேய்ஞலூரும் செங்காட்டங்குடியும்

அப்பா சாக வேண்டும் என்ற ஆசையைப் பற்றிப் பேசினாலே, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கேள்வி புதிதில்லை. 1922-ல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடியவர், தன் இந்திய நோயாளிகள் ஐரோப்பியர்களைப் போல இல்லை என்று அவருக்கே எழுதியவர். ஆகவே அப்படியே தூக்கி வைக்க வேண்டாம். ஆனால் கும்பகோணம் பக்கம் சேய்ஞலூரில், மண்ணியாற்றங்கரையில் மணல் லிங்கத்துக்குப் பால் ஊற்றிய பையன், அந்தப் பால் குடத்தைக் காலால் உதைத்த அப்பாவின் காலை வெட்டினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. கையில் எடுத்தது கோல், அது மழுவானது. அவர்தான் சண்டிகேசுவரர். இந்தக் கதையில் வெட்டியவனுக்குத் தண்டனை இல்லை, சிவனே வந்து இனி உனக்கு நான் அப்பா என்று சொல்லி மாலை சூட்டுகிறார். இதே டெல்டாவில் திருச்செங்காட்டங்குடியில் அப்பா பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கிறார், திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகன் மேல் தேரை ஏற்றுகிறான். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் மேல் ஒருவர் கத்தி தூக்குவதை நம் ஊர் ஆயிரம் வருஷமாகக் கோயிலுக்குள் வைத்து, திருவிழா எடுத்து, பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாலை. கோபத்துக்கு அப்புறம் ஒரு அப்பா மிச்சம் இருக்கிறார் அந்தக் கதையில். இவருக்கு அப்படி யாரும் மிச்சம் இல்லை. சித்தப்பா ஒருவர் இருந்தார், அவர் வாயிலிருந்து வந்தது "அப்பனை முழுங்குன பயல்".

"ரெண்டு பேருக்கும் ஒரே குரல் சார்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

அவமானம்

சரி, குற்றவுணர்வு தூக்கத்தைக் கெடுத்தது, பியூஸ் கட்டையை எடுக்க வைத்தது, கையெழுத்தைத் தவறவிட வைத்தது. இவை எல்லாம் தன்னைத் தண்டிக்கிற வேலைகள். மண்வெட்டி இன்னொருவர் மேல் போனது எப்படி? குற்றவுணர்வை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் சிறைகளில் பல ஆண்டுகள் மனநல மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கில்லிகன், கொலை செய்தவர்களிடம் ஏன் செய்தாய் என்று கேட்டால் திரும்பத் திரும்ப வந்த பதில், என்னை மதிக்கவில்லை, அவமானப்படுத்தினான் என்பதுதான் என்கிறார். அவமானம்தான் வன்முறையின் வேர், குற்றவுணர்வு உண்மையில் வன்முறையைத் தடுக்கிறது என்பது 1990-களில் அவர் எழுதியது. அவருக்கு முன்னால், 1972-ல், உளப்பகுப்பாய்வாளர் ஹெய்ன்ஸ் கோஹுட் சுயமதிப்பு நொறுங்கும்போது வருகிற வெறியைப் பற்றி எழுதியிருக்கிறார். மானம், ரோஷம் என்ற இரண்டு சொல்லை வைத்திருக்கிற நமக்கு அது புரிவது கஷ்டமில்லை.

ஃபிராய்டும் கில்லிகனும் இங்கே எதிரெதிராக நிற்கிற மாதிரி தெரியும். இந்த நிகழ்வில் இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக வந்திருக்கின்றன என்பது என் முடிவு. குற்றவுணர்வு உள்ளே இருந்தவரை அவர் தன்னைத்தான் அரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாது என்று அவர் காத்துவந்த ஒன்றை, நாலு பேர் முன்னால், அப்பாவின் குரலிலேயே ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு அந்த இரவு வாக்குவாதம் தெரியாது, எவனை வேண்டுமானாலும் திட்ட ஊரில் புழங்குகிற வசவைத்தான் எடுத்து வீசினார். இவர் காதில் அது வசவாக விழவில்லை, தீர்ப்பாக விழுந்தது. அந்த நொடியில் குற்றவுணர்வு அவமானமாகப் புரண்டது, கை எழுந்தது.

லண்டன் போர்ட்மன் கிளினிக்கில் வன்முறையாளர்களோடு வேலை செய்த மெர்வின் கிளாசர் வன்முறையை இரண்டாகப் பிரிப்பார். ஒன்று, மனதை அழிக்க வருகிற ஆபத்தை அப்புறப்படுத்துவது. இன்னொன்று, எதிராளி வேதனைப்படுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்வது. ஒரே அடி, பின்பக்கத்தால், உடனே 108, தலைக்குத் துண்டு. இது முதல் வகை. இந்த வேறுபாடு வெறும் படிப்பு விஷயம் இல்லை, இவரோடு ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து பேசலாமா, வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது, அதற்கு இது பயன்பட்டது.

பொருந்தாதவை

இவருக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மா எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் தாய்வீடுமாக இருந்திருக்கிறார். இதைக் கேட்டதும் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி நினைவுக்கு வருவார். 1944-ல் வெளியான அவருடைய ஆய்வில் திருட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட 44 குழந்தைகள், அவர்களில் 14 பேர் பாசமே ஒட்டாதவர்கள், அந்த 14-ல் 12 பேர் சிறுவயதில் தாயை நெடுநாள் பிரிந்தவர்கள். கவனத்தை இழுக்கிற எண்கள்தான். ஆனால் மதிப்பிட்டவரும் அவர், கோட்பாடும் அவருடையது. பிரிவு என்பதும் ஆரம்பத்திலிருந்தே பாசம் கிடைக்காமல் போவதும் ஒன்றல்ல என்று பின்னால் இன்னொரு மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் காட்டினார். அதைவிட, நம்மவர் பாசம் ஒட்டாதவரே இல்லை. அம்மா இல்லாத எட்டு மாதமும் பாட்டி மடியில் வளர்ந்தவர். அதனால் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டேன். அடிக்கிற அப்பாவைப் பார்த்துத் தானும் அடிப்பவனாக ஆவதை ஃபிராய்டின் மகள் ஆன்னா ஃபிராய்டு 1936-ல் நன்றாகவே விளக்கியிருக்கிறார், என்னிடம் வருகிற வேறு பலருக்கு அது அச்சாகப் பொருந்தும், ஆனால் இவர் அப்பா கை ஓங்கியதே அபூர்வம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். செப்டம்பரில் தண்ணீர் வந்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. கடைமடைக்குத் தண்ணீர் போகாத ஒரு வருஷத்தை யாருடைய பால்யத்தை வைத்தும் விளக்க முடியாது. இதே டெல்டாவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அதை யாராவது கொளுத்தியவர்களின் ஈடிபஸ் சிக்கல் என்று விளக்க வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். நிலம், சாதி, கூலி, அதிகாரம் என்று நேராகத் தெரிகிற காரணங்கள் இருக்கும்போது மனதின் ஆழத்தைத் தோண்டுவது அந்தக் காரணங்களை மூடி மறைக்கிற வேலை. உளப்பகுப்பாய்வுக்கு நான் கொடுக்கிற இடம் சின்னது: ஒரே வாய்க்காலில், ஒரே வறட்சியில், அதே வசவைக் கேட்ட பத்துப் பேரில் ஏன் இந்த ஒருவர் கை மட்டும் எழுந்தது என்ற கேள்வி.

அந்தச் சின்ன இடத்திலும் ஒரு ஆட்சேபம் உண்டு. எது நடந்தாலும் விளக்கிவிடுகிற கோட்பாடு அறிவியல் ஆகாது என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னது சரியான அடிதான். இவர் நன்றாகத் தூங்கினாலும் குற்றவுணர்வு, தூங்காவிட்டாலும் குற்றவுணர்வு என்று நான் சொல்ல முடியும் என்றால் நான் ஒன்றுமே சொல்லவில்லை. அதனால் பதினோராவது சந்திப்புக்குப் பிறகு நோட்டில் ஒன்றை எழுதித் தேதி போட்டு வைத்தேன்: என் விளக்கம் சரியென்றால், அந்த இரவைப் பற்றிப் பேசப் பேச, தண்டனையைத் தேடிப் போவது குறைய வேண்டும், தண்டனை இல்லாமலேயே தூக்கம் வர வேண்டும்.

அப்புறம்

அந்த இரவைப் பற்றி ஏறக்குறைய ஐந்து மாதம் பேசினோம். ஒரே வாக்கியம், ஒரே தட்டு, கை கழுவிய சத்தம். நடுவில் மூன்று வாரம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது என்மேல் கோபமாக இருந்தார், முதல்முறையாக ஒருவர்மேல் கோபத்தை வாயால் சொன்னார், "நீங்க கேக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்" என்று. அப்பா மேலும் கோபம் இருந்தது என்பது அதற்கப்புறம் வந்தது: சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார், நான் சொன்னதற்கு ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாம், என்னைத் திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. அன்று அழுதார். 2016-ல் வராத அழுகை. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

அதன் பிறகு கையெழுத்து ஒருநாளும் தவறவில்லை. 2024 ஏப்ரல் வாக்கில் தூக்கம் நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமானது. இதற்கு என் பேச்சு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று மாதம் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை இருந்தது, அம்மாவின் பக்கபலம் இருந்தது, காலமும் போயிருந்தது. நோட்டில் எழுதி வைத்தது பலித்தது, ஆனால் ஒரு ஆளிடம் பலித்தது.

2024-ல் மேட்டூரை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, மறுநாளே ஆடி அமாவாசை. போ என்று நான் சொல்லவில்லை, அம்மா சொன்னாரா என்றும் தெரியாது. அடுத்த சந்திப்பில் சாதாரணமாகச் சொன்னார், திருவையாறு புஷ்யமண்டபத் துறைக்குப் போய் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று. கூட்டமா என்றேன். "கூட்டந்தான். தண்ணி இருந்துச்சு."

சித்தப்பாவின் எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மூட்டை தூக்குகிற வேலை அவருக்கு இனி இல்லை. அவரையும் இரண்டு முறை பார்த்தேன். தான் சொன்ன வசவு அவருக்கு நினைவே இல்லை, என்ன பேசினோம் என்று யாருக்குத் தெரியும் என்றார். இரண்டு வீடும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆனால் 326 சமரசமாக முடித்துக்கொள்கிற பிரிவு இல்லை, வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறார்கள்.

போன மாதம் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார், அப்பாவின் மண்வெட்டி கோர்ட்டில் இருக்கிறதே, கேஸ் முடிந்தால் திருப்பித் தருவார்களா என்று. வக்கீலிடம் விசாரித்தேன். அது வழக்குச் சொத்து, தாக்கப் பயன்பட்ட பொருள், பெரும்பாலும் அழித்துவிடச் சொல்லித்தான் தீர்ப்பில் எழுதுவார்கள் என்றார். அடுத்த வாரம் வந்தபோது அதை அப்படியே சொன்னேன். "பிடி மட்டும் மூணு தடவ மாத்தியிருக்கோம் சார், இரும்பு அப்பா வாங்குனது" என்றார்.